நானூற்றுப் பத்து கிராம்

மனுவில் ஏழு பத்திகள். வக்கீல் ஒவ்வொன்றாக வாசித்தார். நான் அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அடியில் பல வருடத்து விசிட்டிங் கார்டுகள் செருகியிருந்தன. ஒரு கார்டின் மூலையில் யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள்.

முதல் பத்தி: நான் இன்னார், என் மனைவி இறந்துபோனாள். இரண்டாவது: எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, வயது ஒன்றே முக்கால். மூன்றாவது: குழந்தை ஐந்து மாதமாகத் தன் பெரியம்மா வீட்டில் வளர்கிறது.

அந்தப் பெரியம்மா, என் மனைவியின் அக்கா, எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அப்பால் அவர் கணவர், என் சகலை. சகலைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. ஆறு வாரத்தில் கிளம்புகிறார்கள். குழந்தையைச் சட்டப்படி தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் மனு. நானே கேட்டுக்கொள்வதாக, என் பெயரில்.

நான்காம் பத்திக்கு வந்ததும் வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"'குழந்தை என் பராமரிப்பில் இருந்தபோது அதன் எடை ஒன்பது கிலோ எண்ணூறு கிராமிலிருந்து ஒன்பது கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு கிராமாகக் குறைந்தது. பெரியம்மாவின் பராமரிப்பில் மூன்றே வாரத்தில் மீண்டது. ஆகவே குழந்தையை வளர்க்க என்னால் இயலாது என்பதை உணர்கிறேன்.'"

அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். சகலை கூரையைப் பார்த்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஐந்து மாதமாக அப்படித்தான்.

கடைசிப் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் 'வெரிஃபிகேஷன்' என்று இருந்தது. மனு முழுக்க நம் மொழி. அந்தத் தலைப்பு மட்டும் ஆங்கிலம்.

"இது என்ன பக்கம்?" என்றேன்.

"அது சும்மா சார். மேல சொன்னதெல்லாம் உண்மைன்னு நீங்க சொல்றது. என் சீனியர் காலத்துல இதுக்கு அதிகாரி முன்னாடி போய் நிக்கணும். கையத் தூக்கிச் சத்தியம் பண்ணணும். வயசான ஆளுங்க சிலபேர் அங்கயே அழுதுடுவாங்களாம். அப்புறம் வெறும் கையெழுத்துன்னு ஆச்சு. இப்ப அதுவும் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மனுவ ஏத்துவேன். உங்க ஃபோனுக்கு ஆறு நம்பர் வரும். எனக்குச் சொன்னா வெரிஃபை ஆயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். செருப்பு ஆர்டர் பண்ற மாதிரி."

"நல்லா வாயில வந்துச்சு பாருங்க வார்த்த," என்றார் அக்கா. "பச்சப்புள்ள விஷயம். செருப்பாம்."

"எங்க வேலையிலயும் அந்த வார்த்தை இருக்கு," என்றேன்.

நான் எடையளவு அலுவலகத்தில் முத்திரை ஆய்வாளர். கடைகள், கிடங்குகள், ஆஸ்பத்திரிகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது வேலை. அந்த முத்திரைக்குப் பெயர் வெரிஃபிகேஷன்.

"உங்களுக்கு அது எப்படி சார்?"

"கல்லைத் தூக்கி வைக்கணும். நடுவுல ஒரு தடவ, நாலு மூலையிலயும் ஒவ்வொரு தடவ. அஞ்சு இடத்துலயும் சரியாக் காட்டணும்."

"அப்ப முதுகுவலிதான் மிச்சம்னு சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. எந்தெந்தப் பத்தி நான் நேராக அறிந்த உண்மை, எந்தெந்தப் பத்தி பிறர் சொல்லக் கேட்டு நம்புவது என்று பிரித்து எண் போட வேண்டும். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு நேரா தெரிஞ்சது," என்றேன்.

"நாலு?"

யோசித்தேன். எடை குறைந்ததாகக் காட்டிய அன்று க்ளினிக்கில் நான் உள்ளே போகவில்லை. நடைபாதையில் நின்றிருந்தேன். நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுக்கும்போது எடை எழுதிய அட்டையையும் கொடுத்தாள்.

"நாலு, கேட்டது."

"யார் சொல்லிக் கேட்டது?"

"தராசு."

வக்கீல் பேனாவை மூடினார். "தராச சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது சார்."

"எந்தத் தராசுன்னு எண்ணாவது போடணும். பாத்துச் சொல்றேன்."

"அட்டையில நர்ஸம்மா கையெழுத்தே இருக்கு தம்பி," என்றார் அக்கா. "இதுல பாக்க என்ன இருக்கு?"

சந்தேகம் எதுவும் இல்லை எனக்கு. தராசு எண் இல்லாமல் எங்கள் அலுவலகத்தில் எடை எழுதுவது கிடையாது. பழக்கம், அவ்வளவுதான்.

*

புதன்கிழமை காலை பதிவேட்டை எடுத்தேன். க்ளினிக் தராசின் வரி சுலபமாகக் கிடைத்தது. 'பழுது பார்த்தபின் மறு வெரிஃபிகேஷன்' என்று இருந்தது. ஐந்து கட்டங்கள். நடு, நான்கு மூலை. பத்து கிலோ கல்லுக்குத் தராசு காட்டியது என்ன என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டும். ஐந்திலும் 10.000 என்று இருந்தது.

ஏழு வருடத்தில் ஐந்து இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டிய தராசை நான் பார்த்ததில்லை. எங்காவது ஐந்து கிராம் இடறும். புதிய தராசுக்கே இடறும்.

வரியின் கடைசியில் சுருக்கொப்பம். என்னுடையது. தேதியைப் பார்த்தேன். என் மனைவி போனபின் நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள்.

எங்கள் எடைக்கல் வண்டியின் டிரைவர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். தினமும் ஒரு டன் இரும்பை ஏற்றி இறக்குவதால் எல்லோருக்கும் அவர் 'டன்'.

"என்ன சார், பதிவேட்டுல பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

"டன், அன்னிக்கு க்ளினிக் தராசுக்குக் கல்லுப் பெட்டி எடுத்தீங்களா?"

அவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"எடுத்துட்டுதான் சார் வந்தேன். அதுக்குள்ள நீங்க முத்திரை ஸ்டிக்கர ஒட்டிட்டு எழுந்து போயிட்டீங்க. நானும் பெட்டிய வண்டியில திருப்பி வச்சுட்டேன்."

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்து யாரு சார் கேப்பா?"

எனக்கு அந்த நாள் முழுதாக நினைவில்லை. தராசின் மேல் ஒரு பச்சைத் துணி போர்த்தியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. எப்போது எண்களை எழுதினேன் என்று தெரியவில்லை. ஆனால் என் எழுத்துதான். ஒழுங்காக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

டன் வண்டியைக் கழுவிக்கொண்டு வரும்வரை கொஞ்ச நேரம் இருந்தது. கம்ப்யூட்டர் திரைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த பெரிய ஆங்கில அகராதியை உருவினேன். திரை தலையைத் தொங்கப்போட்டது. அந்தச் சொல்லைப் பார்த்தேன். ஏழு வருடமாகத் தினமும் ஒட்டும் சொல். ஒருநாளும் பார்த்ததில்லை.

மூலத்தில் அதற்கு 'உண்மையாக்குவது' என்று பொருள் போட்டிருந்தது. பிறகு சாட்சியத்தால் மெய்ப்பிப்பது. பிறகு கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்வது. அப்புறம்தான் ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்ப்பது, எங்கள் வேலை. இடையில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் பழைய வழக்கு என்று சின்ன எழுத்தில் குறித்திருந்தது. சொன்னதைச் செய்துகாட்டுவது. ஃபோனில் வரும் ஆறு எண்ணைப் பற்றி எதுவும் இல்லை. அகராதி அவ்வளவு பழையது.

நான் அன்று செய்தது முதல் வகை. ஒட்டினேன். உண்மையாகிவிட்டது. க்ளினிக் நம்பியது, அக்கா நம்பினார். அந்த ஸ்டிக்கர் எப்படி ஒட்டப்பட்டது என்று அறிந்திருக்க வேண்டிய நானும் நம்பினேன்.

அகராதியைத் திருப்பிச் செருகினேன்.

*

க்ளினிக் நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வண்டியையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "நேரம் பாத்து வந்தீங்க, இன்னும் பத்து நிமிஷத்துல கூட்டம் வந்துடும்," என்றாள். ஐம்பது வயது இருக்கும். நடக்கும்போதே பேசுகிறவள்.

தராசு சுவரை ஒட்டிய மேஜையில் இருந்தது. நீளமான தட்டு, ஒரு பக்கம் ஒடுங்கி, சுவர்ப்பக்கம் அகன்று. ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது.

"பிள்ளைங்கள எப்படி வைப்பீங்க?" என்றேன்.

"கைக்குழந்தைன்னா நீட்டிப் படுக்க வைப்பேன். உக்கார்ற பிள்ளைங்கள அந்த அகலப் பக்கத்துல, சுவத்துல சாஞ்ச மாதிரி. இல்லன்னா பின்னால விழுந்துடும்."

டன் இரண்டு ஐந்து கிலோ கற்களை நடுவில் வைத்தார். 9.790. ஒடுங்கிய பக்கம் நகர்த்தினார். 10.000. சுவர்ப்பக்கம் நகர்த்தினார். திரையில் எண்கள் ஆடி, நின்றன.

9.580.

டன் என்னைப் பார்த்தார். நான் மறுபடி வைக்கச் சொன்னேன். 9.580. மூன்றாம் முறையும் அதே. பழுது பார்த்தவர்கள் சுவர்ப்பக்கம் மாற்றிய சென்சார் தப்பு. பத்து கிலோவுக்கு நானூற்று இருபது கிராம் விழுங்குகிறது. ஒன்பது கிலோ எண்ணூறு கிராமுக்கு எவ்வளவு என்று சட்டைப்பையிலிருந்த காகிதத்தில் போட்டேன். நானூற்றுப் பத்து.

மறுபடியும் போட்டேன். அதேதான்.

என் குழந்தை ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. அந்த மாதம் ஏறவும் இல்லை. முந்தைய மாதம், தராசு பழுதாகும் முன் காட்டிய ஒன்பது கிலோ எண்ணூறிலேயே இருந்திருக்கிறாள். பெரியம்மா வீட்டுப் பக்கத்து க்ளினிக்கில் வேறு தராசு. அது சரியாகக் காட்டியதும் எல்லோரும் எடை மீண்டுவிட்டது என்றோம். இரண்டு தராசின் எண்களை ஒப்பிடும்போது தராசுகளை முதலில் ஒப்பிட வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இது.

உட்கார்ந்தேன். நாற்காலியா ஸ்டூலா என்று பார்க்கவில்லை. குப்பைக்கூடை மூடி. டன் என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

நர்ஸ் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப இந்த அஞ்சு மாசமா..."

"ஆமாம்மா."

"அதான்யா! இந்த வருஷம் எந்தப் பிள்ளையும் ஏறவே மாட்டேங்குதுன்னு டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். வெயில்னாரு. நான் ஒவ்வொரு அம்மாவையும் நிக்க வச்சுத் திட்டியிருக்கேன். 'என்னத்தம்மா குடுக்கிற, காத்தையா?'ன்னு கேட்டிருக்கேன். ஒருத்தி அழுதுட்டே போனா." அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "எந்த மடையன் இதுக்கு முத்திரை குத்தினது?" என்றாள்.

டன் பெட்டியை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா," என்றேன்.

அவள் என் முகத்தை முதல் முறையாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க அந்த... கையில பிள்ளையோட அந்த நடையில நின்னீங்களே. அம்மா இல்லாத பிள்ளை."

"ஆமா."

"உங்களையும் திட்டினேன்."

"திட்டினீங்க."

"திருப்பி ஒரு வார்த்தை பேசலையே நீங்க. வேற எவனா இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பான்."

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். நல்ல ஸ்டிக்கர், லேசில் வரவில்லை. நர்ஸ் கத்தரிக்கோல் கொடுத்தாள். பயன்படுத்தக் கூடாது என்று சிவப்புச் சீட்டு எழுதிக் கட்டினேன். பிறகு அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கி, தேதி முதல் எண்ணினேன். எடை பார்த்த குழந்தைகள் எழுபத்து மூன்று. எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும்.

"நான் கூப்பிடறேன்," என்றாள் நர்ஸ். "திட்டினவளே கூப்பிடறதுதான் மரியாதை. நல்ல தராசு எப்ப வரும்?"

"எங்க சோதனைத் தராசு ஒண்ணு இருக்கு. நாளைக்குக் காலையில வரும்."

"கல்லு வச்சுப் பாத்துட்டுக் கொண்டாங்க," என்றாள்.

*

மேலதிகாரியிடம் அன்றே எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தராசு பழுதுன்னு மட்டும் எழுதியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"தெரியும் மேடம்."

"அந்த வாரம் உங்களை வேலைக்கு வர விட்டது என் தப்பு. அதையும் நான் எழுதுவேன்." கையை நீட்டினார். "முத்திரைய இங்க குடுங்க."

கொடுத்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டினார். விசாரணை முடியும்வரை மேஜை வேலை. வெளியூர்ப் பயணம் இல்லை. ஐந்து மணிக்குக் கிளம்பிவிடலாம்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். எங்கே போவது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருப்பது தெரியும். அவர்கள் பால் பவுடர் எடைபோடும் தராசுக்கு நான்தான் வருடாவருடம் முத்திரை போடுகிறேன். உள்ளே போய், நேரம் என்ன, எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆயா, தூங்கும் அறை எது என்று கேட்டேன். பொறுப்பாளர் அம்மாள் பயந்துபோனார்.

"தராசு நல்லாத்தான் சார் இருக்கு."

"தராசுக்கு வரல," என்றேன்.

*

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. அக்காவின் இரண்டு பையன்களும் கல்லூரி விடுதியில். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வீட்டுப் பெயர் மூட்டை. பிறந்தபோது மூன்றே முக்கால் கிலோ. தராசுக்காரனுக்கு மூட்டைதான் பிறக்கும் என்று அவள் அம்மா வைத்த பெயர்.

க்ளினிக்கில் நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். அக்கா குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசுவதுதான் அவர் வழக்கம். சொல்லி முடித்ததும் சகலை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"அப்ப அந்த நாலாம் பத்தி?" என்றார்.

"பொய்."

"உங்க முத்திரையே பொய்யா சகலை? நாங்க இனிமே உருளைக்கிழங்கு எப்படி வாங்கறது?"

"சும்மா இருங்க நீங்க," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "நான் அட்டையப் பாத்துட்டுதான் பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன்னு நினைக்கிறியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடக்கு. நீ நாற்காலியில உக்காந்திருக்க. அவ தரையில உக்காந்து உன் ஷூவக் கடிச்சிட்டிருக்கா. சாப்பிட்டாளான்னு கேட்டேன். என்ன சொன்ன தெரியுமா? 'ஒரு மணிக்கு நூத்தம்பது மில்லி.' பெட்ரோல் பங்க்ல கேட்ட மாதிரி இருந்துச்சு தம்பி. ரெண்டு மணி நேரம் இருந்தேன். அவகிட்ட நீ ஒரு வார்த்தை பேசல. அவளும் பேசறத நிறுத்திட்டா. அதான் தூக்கினேன். அட்ட, ஊருக்குச் சொல்ல. தராசு பொய் சொல்லிச்சு, சரி. நான் என் கண்ணால பாத்தது?"

"அது நிஜம்," என்றேன்.

"அப்புறம்?"

"பேச வரலக்கா. வாயத் திறந்தா என்ன வரும்னு பயமா இருந்துச்சு."

அந்த நேரம் என் ஃபோன் அதிர்ந்தது. ஆறு எண்கள். அடுத்த நொடியே சகலையின் ஃபோனில் வக்கீல் கூப்பிட்டார். சகலை ஸ்பீக்கரில் போட்டார்.

"மனுவ ஏத்திட்டேன் சார். அவர்கிட்ட அந்த ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லச் சொல்லுங்க. பத்து நிமிஷம்தான், அப்புறம் அது செத்துடும்."

"நாலாம் பத்தி தப்புங்க," என்றேன். "எடை குறையல."

"இப்பப் போய்ச் சொல்றீங்களே! நாலை எடுத்துட்டா மனு நிக்காது சார். நாற்காலிக்கு ஒரு கால உருவற மாதிரி. சின்ன விஷயம், ஒரு நம்பர்தான். சொல்லிட்டுப் போங்க."

"அஞ்சு மாசம் முன்னாடி நானும் அப்படித்தான் நினைச்சேன்."

வக்கீலுக்குப் புரியவில்லை. சகலை, "கொஞ்சம் இருங்க சார்," என்று சொல்லி ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

அக்கா எழுந்து நின்றிருந்தார். "சரி, அதைச் சொல்ல மாட்ட. அப்ப வளக்க முடியும்னு சொல்றியா? அதை எழுதிக் கையெழுத்துப் போடுவியா?"

"மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியாது."

"எதுவுமே தெரியாத ஆளைத்தான் நாம வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிட்டு அலைஞ்சோம்," என்றார் சகலை.

"முடியாதுன்னு சொல்ல எனக்குத் தெரியலக்கா. முடியும்னும் தெரியல. வச்சுப் பாக்காமலே எழுதிட்டேன் ஒரு தடவ. இன்னொரு தடவ மாட்டேன். ஆபீஸ் பின்னாடி காப்பகம் ஒண்ணு பாத்தேன். எட்டுலருந்து அஞ்சு. அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆயா. ஜன்னல் இருக்கு."

"நீ போய்ப் பாத்தியா?"

"நேத்து."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். கவிழ்த்து வைத்த ஃபோனிலிருந்து 'ஹலோ, ஹலோ' என்று சின்னதாகக் கேட்டது. பிறகு நின்றது.

உள்ளே குழந்தை விழித்து அழுதது.

அக்கா அந்தப் பக்கம் ஓரடி வைத்தார். சட்டென்று நின்றார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"போ. செஞ்சு காட்டு. நான் எழுந்திருக்க மாட்டேன். பால்ல ஊறின ரொட்டி, ஒரு முட்ட. அடுப்படியில இருக்கு."

போனேன். மூட்டை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நனைந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, பெரியம்மா வரவில்லை என்று புரிந்ததும் இரண்டு மடங்காக அழுதாள். தூக்கினேன். கனமாக இருந்தாள். என் மூக்கில் குத்தினாள். துணி மாற்றினேன். ஒரு காலைச் செருகினால் இன்னொரு காலை உருவிக்கொண்டாள். அடுப்படிக்குத் தூக்கிப் போய் மேஜை மேல் உட்கார வைத்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

ரொட்டியைத் துப்பினாள். அழுதாள். ஏதாவது பேச வேண்டும்.

"ஆபீஸ்ல என் முத்திரைய வாங்கிட்டாங்க," என்றேன்.

அழுகை நிற்கவில்லை.

"அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. சாவி மேடத்துகிட்ட. டன்னுக்கு ரொம்ப வருத்தம். நேத்து எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. அவர் யாருக்கும் வாங்கிக் குடுக்க மாட்டாரு."

குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தொடர்ந்து பேசினேன். சந்தையில் வெங்காய வியாபாரி தராசுக்கு அடியில் காந்தம் வைத்தது, நான் தூக்கியபோது என் சாவிக்கொத்து அதில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அழுகைக்கு நடுவே மூச்சு வாங்கும்போது என் வாயைப் பார்த்தாள். ஒரு வாய் ரொட்டி உள்ளே போனது. இரண்டாவது என் சட்டையில். மூன்றாவது போனது. எவ்வளவு நேரமென்று தெரியாது. பால் ஆறி ஆடை படிந்துவிட்டது.

முட்டையை உடைத்துக் கொடுத்தேன். வெள்ளையைத் தின்றாள். மஞ்சள் கருவை நாக்கால் தள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்கம்மாவும் இப்படித்தான்," என்றேன். "மஞ்சக்கருவ என் தட்டுல போட்டுடுவா. நான் எத்தன தடவ திட்டியிருக்கேன் தெரியுமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஐந்து மாதத்தில் அவளைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஆனால் எழுந்து வரவில்லை.

மஞ்சள் கருவை நான் தின்றேன். மூட்டை அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்ததையும் எடுத்து என் வாயில் திணித்தாள்.

கூடத்துக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சகலை என் சட்டையைப் பார்த்து, "பிள்ளை சாப்பிட்டாளா, சட்டை சாப்பிட்டுச்சா?" என்றார். அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. ஒரு பையை எடுத்துத் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரம் இருக்கு," என்றார் பையைப் பார்த்தபடியே. "இன்னிக்குத் தூக்கிட்டுப் போ. ஞாயித்துக்கிழம சாயங்காலம் நான் வந்து பாப்பேன். வாரா வாரம் வருவேன். சொல்லாம கொள்ளாமயும் வருவேன். சரியில்லன்னா அங்கயே தூக்கிடுவேன், வக்கீலும் வேணாம் ஒண்ணும் வேணாம். போறதுக்கு முந்தின நாள் நான் சொல்றேன், பிள்ளை எங்க இருக்கணும்னு. நீயும் அன்னிக்குச் சொல்லு. தெரிஞ்சத மட்டும் சொல்லு."

"சரிக்கா."

"அப்புறம் இன்னொண்ணு. அவ இல்லாம எனக்குத் தூக்கம் வராது. அதுக்கு நான் உன்ன நாலு நாள் திட்டுவேன். வாங்கிக்கணும்."

"சரி."

சகலை பையைக் கொண்டுவர எழுந்தார். வேண்டாம் என்றேன். ஒரு தோளில் மூட்டை, ஒரு தோளில் பை. அவள் பெரியம்மாவை நோக்கிக் கையை நீட்டினாள். உதடு பிதுங்கியது. அக்கா அந்த விரல்களைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு, "இறங்கு, இறங்கு. நின்னா நான் விட மாட்டேன்," என்றார்.

இறங்கினேன். முதல் திருப்பத்தில் அவள் அழ ஆரம்பித்தாள். மாடிக் கைப்பிடியில் குனிந்து அக்கா மேலிருந்து கத்தினார்.

"பால் வெதுவெதுன்னு இருக்கணும்! கையில ஊத்திப் பாரு!"

"சரிக்கா."

"விளக்க அணைச்சா தூங்க மாட்டா! சின்ன விளக்கு எரியட்டும்!"

"சரிக்கா."

"நீலத் துணி பைல இருக்கு, அதைக் குடுத்தாதான் கண்ண மூடுவா! குப்புறத்தான் படுப்பா, பயப்படாத, மூச்சு விடறாளான்னு நோண்டிட்டே இருக்காத!"

"சரி."

"சரி சரின்னு மண்டைய ஆட்டாத! திருப்பிச் சொல்லு, கேப்போம்!"

இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். குழந்தை என் காதருகே அழுதுகொண்டிருந்தது. அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும்.

"பால் வெதுவெதுன்னு!" என்று கத்தினேன். "சின்ன விளக்கு! பச்சைத் துணி!"

"நீலம்டா!"

"நீலம்! நீலத் துணி! குப்புறப் படுப்பா, நோண்டக் கூடாது!"

மூட்டை அழுகையை நிறுத்தி என் வாயைப் பார்த்தாள். நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"இப்ப முதல்லருந்து!" என்றார் அக்கா.

அடுத்த படியில் காலை வைத்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தேன்.